சாய்ந்த ஏழு

“கையெழுத்துப் போட்டுட்டீங்களா?”

திறந்திருந்த பானெட்டுக்குள்ளிருந்து குரல் மட்டும்தான் வந்தது.

“இன்னும் இல்லைங்க, சாயந்திரம்தான்” என்றான் கணவன். பட்டறையில் இருந்த ஒரே நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்த மனைவி, எழுந்து அவன் பக்கத்தில் வந்து நின்றாள்.

“தப்பிச்சீங்க” என்றபடி தலையை வெளியே எடுத்தார் மெக்கானிக்.

அந்தத் தெருவில் அவருக்கு ‘டாக்டர்’ என்று பெயர். வண்டிக்கு என்ன வியாதி என்று கேட்டால் சொல்வார், கேட்காவிட்டாலும் சொல்வார். ரிப்பேர் செய்வதைவிட விளக்கம் சொல்வதில்தான் மனிதருக்கு வயிறு நிறையும்.

“வாங்கறதுக்கு முன்னாடி எங்கிட்ட காட்டணும்னு தோணுச்சு பாருங்க, அதுவே பாதி புத்திசாலித்தனம். முக்கால்வாசிப் பேரு பளபளப்பைப் பார்த்து வாங்கிட்டு, அப்புறம்தான் வந்து அழுவாங்க.”

கணவன் அடக்கமாகச் சிரித்தான். மனைவி சிரிக்கவில்லை.

“என்னங்க, என்ஜின்ல கோளாறா?”

“என்ஜின் தங்கம். வண்டிதான் வேற வண்டி.”

இருவர் முகமும் வெளிறியது. எதிரே நிற்பவரின் முகம் வெளிற வேண்டும் என்பதற்காகவே டாக்டர் எதையும் இப்படிப் பாதியாகச் சொல்வது வழக்கம். பழந்துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, இருவரையும் கிட்டே கூப்பிட்டார். உள்ளே தகட்டில் பொறித்திருந்த சேஸிஸ் நம்பரின் மேல் டார்ச் அடித்தார்.

“கம்பெனியில ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு நம்பர் அடிப்பாங்க. நமக்குக் கைரேகை மாதிரி. இதுல யாரோ அந்த நம்பரை ராவி எடுத்துட்டு வேற நம்பர் அடிச்சிருக்கான். திருட்டு வண்டி. சந்தேகமே வேணாம்.”

“எப்படிங்க அவ்வளவு உறுதியா சொல்றீங்க?” என்றான் கணவன்.

“கடைசியில ஒரு ஏழு இருக்கே, அதைப் பாருங்க.”

கணவன் குனிந்து பார்த்தான். மனைவி அவனை ஒதுக்கிவிட்டு, தானும் குனிந்து பார்த்தாள்.

“மத்ததெல்லாம் விறைப்பா நிக்குது. இது மட்டும் செவுத்துல சாஞ்சுக்கிட்டு நிக்குது பார்த்தீங்களா? மெஷின் இப்படிச் சாய்க்காது. இது கையால அடிச்சது. வேலை முடியப்போகுதுங்கற நேரத்துல அவசரப்பட்டுட்டான்.”

“அவசரம்!” மனைவி கணவன் பக்கம் திரும்பினாள். “நான் அப்பவே சொன்னேன். ஒரு நாள் பொறுத்துப் பண்ணலாம்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். எங்க கேட்டீங்க?”

“விடுங்கம்மா. இப்பவாவது தெரிஞ்சதே, அந்த மட்டுக்கும் நல்லது” என்று டாக்டர் சமாதானம் செய்தார். அந்த இடத்தில் நின்று சண்டை போட்ட எத்தனையோ தம்பதிகளைப் பார்த்தவர் அவர். பெரும்பாலும் மனைவி சொல்வதுதான் சரியாக இருக்கும்.

கணவன் மெல்லக் கேட்டான். “அது மட்டும் நேரா இருந்திருந்தா, உங்களுக்கே தெரிஞ்சிருக்காதாங்க?”

கேள்வி கேட்கும் ஆள் என்றால் டாக்டருக்கு உயிர். “சத்தியமா தெரிஞ்சிருக்காது. திருடனா இருந்தாலும் சும்மா சொல்லக் கூடாது, மத்தபடி சுத்தமான வேலை. பெயிண்டைப் பாருங்க, எங்க பழசு முடியுது, எங்க புதுசு தொடங்குதுன்னு சொல்ல முடியுதா? இதைப் பூசினவன் கையில தொழில் இருக்கு.”

அதைக் கேட்டதும் மனைவியின் முகம் கொஞ்சம் தெளிந்தது. கைப்பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கணவனிடம் நீட்டினாள்.

“விக்கிற ஆளு எப்படி?” என்றார் டாக்டர்.

“நல்ல மனுஷன்தாங்க. குடும்பஸ்தன்” என்றான் கணவன்.

“அப்படித்தான் தெரிவானுங்க. பேச்செல்லாம் தேன் ஒழுகும். அவன் மூஞ்சில சாவியை விட்டெறிஞ்சுட்டு வாங்க. போலீஸுக்குப் போறதும் போகாததும் உங்க இஷ்டம். ஆனா கையெழுத்து மட்டும் போட்டீங்க, அப்புறம் வீடு தேடி வந்து உங்களைத்தான் தூக்குவாங்க.”

கணவன் பாட்டிலை மூடி மனைவியிடம் கொடுத்தான். மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. “எங்களுக்கு ரெண்டு பிள்ளைங்க இருக்காங்க. இவரைத் தூக்கி உள்ளே வச்சிட்டா நாங்க என்ன ஆவோம்?”

அது நிஜமான பயம். டாக்டருக்கு மனசு இளகிவிட்டது. கணவன் பர்ஸை எடுத்தபோது அவன் கையைப் பிடித்துத் தடுத்தார்.

“வேணாம் தம்பி. ஒரு குடும்பத்தைக் காப்பாத்தினேன்ல, எனக்கு அது போதும்.”

இருவரும் மாறி மாறி நன்றி சொன்னார்கள். டாக்டர் தெரு வரை வந்து, பின்னால் வந்த லாரியைக் கை காட்டி நிறுத்தி, அவர்கள் வண்டி திரும்ப வழி செய்து கொடுத்தார். நல்ல ஜனங்கள், இந்தக் காலத்தில் இப்படி அப்பாவியாக இருந்தால் எப்படிப் பிழைப்பார்கள் என்று அவருக்குக் கவலையாக இருந்தது.

வண்டி தெருமுனையைத் தாண்டியது.

“சாயந்திரம் வர்றவங்ககிட்ட என்ன சொல்றது?” என்றான் கணவன்.

மனைவி ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டுச் சொன்னாள்:

“நாளைக்கு வரச் சொல்லுங்க, இந்தத் தடவை நம்பரை நானே அடிக்கிறேன், நீங்க சுத்தியலைத் தொடவே கூடாது.”