எங்க நாரை

ஆலமரத்து அணியின் கூடைப்பந்துக் கேப்டன் நாரையைக் கிளையிலிருந்து ஓயாமல் திட்டுவதுதான் காக்கையின் வேலை. "கேப்டனாம் கேப்டன்! பந்தை எவனுக்காவது குடுக்கிறானா பாரு!" என்று கத்தும்.

போட்டிகள் முடிந்த விடுமுறையில் நாரை ஆற்றின் அக்கரை அணிக்குப் போய்விட்டது. அணியில் உடன் ஆடிய ஆமையும் அணிலும் அழுதன. "போகட்டும், சனி விட்டுது" என்றது காக்கை.

புதுக் கேப்டன் கீரி எல்லாருக்கும் பந்தைக் கொடுத்து ஆடியது. காக்கைக்குக் குறை சொல்ல ஒன்றுமே கிடைக்கவில்லை. ஆட்டத்தின் நடுவிலேயே தூங்கி வழிந்தது. கடைசியில், "அங்கே போய் என்னத்தைக் கிழிக்கிறான்னு பார்க்கிறேன்" என்று ஆற்றைத் தாண்டிப் பறந்தது.

அங்கே நாரை எறிந்த பந்தெல்லாம் வளையத்தில் பட்டுத் திரும்பின. "இதையா கூட்டிக்கிட்டு வந்தாங்க? வெளியே அனுப்புங்க!" என்று அக்கரை வாத்துகள் கூச்சலிட்டன. நாரை கழுத்தை உள்ளிழுத்துக்கொண்டு நின்றது.

காக்கைக்கு எங்கிருந்துதான் கோபம் வந்ததோ! "வாயை மூடுங்கடா! எங்க நாரையைத் திட்ட நீங்க யாரு?" என்று வாத்துகள் நடுவே பாய்ந்தது. பிறகு ஆடுகளத்தைப் பார்த்து, "டேய் நெட்டைக்காலா, முட்டியை மடக்கி எறிடா!" என்றது.

பழகிய குரல் கேட்டதும் நாரையின் கழுத்து நிமிர்ந்தது. முட்டியை மடக்கி எறிந்தது. பந்து வளையத்துக்குள் இறங்கியது.

"இதுக்கு இவ்வளவு நேரமா?" என்று திட்டத்தான் வாயைத் திறந்தது காக்கை. திட்டு வருவதற்குள் சிறகுகள் படபடவென்று கைதட்டின.