கொடுத்த செருப்பு

மலையிடுக்கில் ஆறு பாறைகளை அறைந்துகொண்டு ஓடுகிறது. மரங்களின் ஊடே வெயில் ஈரப் பாதையில் திட்டுத் திட்டாக விழுகிறது. முன்னால் மகளும், அவள் தோளில் கைபோட்டபடி அவளுடைய அப்பாவின் புது மனைவியும். பின்னால் அம்மா. "பிரிஞ்சாலும் பிள்ளைக்காக ஒரு நாள் எல்லாரும் சேர்ந்து போவோம்" என்று கூட்டிவந்த அப்பா காரிலேயே தூங்கிப்போனார். முன்னே போகிறவர்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். ஆற்றின் இரைச்சலில் அம்மாவுக்கு ஒன்றும் காதில் விழவில்லை. "என்னடி சிரிப்பு?" "சொன்னா உனக்குப் புரியாதும்மா." பாதை ஆற்றுக்குள் இறங்குகிறது. கற்களெல்லாம் பாசி. மகள் செருப்பைக் கழற்றுவதைப் பார்த்து அம்மா அவசரமாகக் கையை நீட்டுகிறாள். "பிடிச்சுக்கோம்மா" என்று அந்தக் கையில் செருப்புகளைக் கொடுத்துவிட்டு, மற்றவளின் விரல்களைக் கோத்துக்கொண்டு மகள் தண்ணீரில் கால் வைக்கிறாள். செருப்பில் அந்தப் பாதங்களின் சூடு இன்னும் இருக்கிறது. அக்கரை ஏறியதும் மகள் கத்துகிறாள்: "ஆன்ட்டி, அம்மாவுக்கு வழுக்கும், அவங்களையும் பிடிச்சுக்கோங்க!" மற்றவள் பாதி ஆறு திரும்பி வந்து, சிரித்த முகத்தோடு கை நீட்டுகிறாள். அம்மா செருப்புகளை இரண்டு கைகளாலும் மார்போடு அணைத்துக்கொண்டு, அந்தக் கையைப் பார்க்காமல், தண்ணீரில் இறங்குகிறாள்.