இனாயத் சாரின் மேற்கோள்கள்

“மேடை வேணாம்னா விடுங்க சார். வீட்டுக்கே வந்து சால்வை போட்டுட்டுப் போறோம்,” என்றாள் மதுமதி.

சைதாப்பேட்டை ஸ்டேஷனை விட்டுக் கிளம்பிய மின்சார ரயிலின் இரைச்சல் அடங்கும்வரை இனாயத் தன் வீட்டு ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மதுமதிக்குச் சங்கடமாக இருந்தது. அடையாறில் அவர் வேலை பார்த்த கல்லூரியில், வேதியியல் துறைக்கு இப்போது அவள்தான் தலைவி. கரிம வேதியியலில் அவரைப் போலப் பொறுமையாகச் சோதனை செய்கிற ஆளை அவள் பார்த்ததில்லை. ஆனால் அவர் எழுதியது குறைவு. எழுதியதையும் யாரும் சீண்டவில்லை. ஒருவருடைய கட்டுரையை எத்தனை பேர் மேற்கோள் காட்டுகிறார்கள் என்பதுதானே ஆராய்ச்சி உலகில் மதிப்பு. அந்தக் கணக்கைக் காட்டியே இரண்டு முறை அவருக்குப் பேராசிரியர் பதவியை மறுத்தார்கள். இரண்டாம் முறை அந்தப் பதவி மதுமதிக்குப் போனது.

இப்போது எல்லாம் தலைகீழாகிவிட்டது. அண்ணன் ஷஃபியுல்லா புற்றுநோய் வலியில் துடித்ததைப் பார்த்து, இளம் வயதில் இனாயத் ஒரு வலி நிவாரணியை உருவாக்கியிருந்தார். எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்ததோடு சரி. எந்த மருந்துக் கம்பெனியும் அதை எடுத்துக்கொள்ளவில்லை. அதைத் தயாரிக்கும் முறையை விளக்கிய அந்தப் பழைய கட்டுரையைத்தான், யாரும் எதிர்பாராத விதமாக, இந்த மூன்று வருடங்களில் நானூறு பேருக்கு மேல் மேற்கோள் காட்டியிருந்தார்கள். தரவரிசையில் கல்லூரி மளமளவென்று முன்னேறியது. பாராட்டு விழா நடத்தியே ஆகவேண்டும் என்று கல்லூரி முதல்வர் சொல்லிவிட்டார்.

இனாயத்தின் மனைவி ஜமீலுன்னிசா டீ கொண்டுவந்து வைத்தாள்.

“நீயாவது கேளு மதுமதி. சந்தோஷப்பட வேண்டிய நேரத்துல இவர் ஒரு வாய் ஒழுங்கா சாப்பிட மாட்டேங்கறார். அந்தக் கம்ப்யூட்டரைத் திறந்தா மொகமே செத்துடுது. என்னன்னு கேட்டா ஒண்ணுமில்லேங்கறார்.”

மனக்கசப்புதான் என்று மதுமதி நினைத்தாள். இருக்காதா பின்னே? வரவேண்டிய காலத்தில் வராமல், ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகு வருகிற மரியாதை. அவள் நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துக்கொண்டு, கல்லூரி அவருக்குச் செய்தது அநியாயம்தான் என்று மெல்லச் சொன்னாள். அந்தப் பதவி தனக்கு வந்தபோது அவர் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்ததையும் சொன்னாள்.

இனாயத் தலையசைத்து மறுத்தார். அதெல்லாம் எப்போதோ மறந்துபோன விஷயம் என்றார். யார்மீதும் வருத்தமில்லை என்றார். பிறகு, அந்தக் கட்டுரையை நீக்கிவிடச் சொல்லி, அதை வெளியிட்ட பத்திரிகைக்குத் தானே எழுதியதாகவும், அதில் பிழை எதுவும் இல்லாததால் நீக்க முடியாது என்று அவர்கள் பதில் அனுப்பிவிட்டதாகவும் சொன்னார்.

மதுமதி திகைத்துப்போனாள்.

“ஏன் சார் அப்படிக் கேட்டீங்க? எங்கெங்கேயோ இருக்கறவங்க எல்லாம் உங்க பேரை எழுதறாங்க. நாங்க இருபது கட்டுரை எழுதியும் எங்களைத் திரும்பிப் பார்க்க ஆளில்லை.”

அவர் முதல்முறையாக அவளை நேராகப் பார்த்தார். கண்களுக்குக் கீழே கருவளையம் விழுந்திருந்தது.

“என் பேரைப் போட்டு எழுதினாங்களே, அதுல ஒண்ணையாவது நீ படிச்சியாம்மா?”

மதுமதி படிக்கவில்லை. எண்ணிக்கையைத்தான் பார்த்திருந்தாள். முதல்வரும் அதைத்தான் பார்த்திருப்பார். வாழ்த்துச் சொல்லிப் போன் செய்த பழைய மாணவர்களும் அப்படித்தான்.

காலி டம்ளரை எடுக்க வந்த ஜமீலுன்னிசா எடுக்காமல் நின்றாள்.

“எல்லாமே போஸ்ட்மார்ட்டம் பண்ற டாக்டருங்க எழுதினது,” என்றார் இனாயத். “என் கட்டுரையைப் பார்த்துத்தான் யாரோ அந்த வலி மருந்தைப் போதை மாத்திரையா செஞ்சு விக்கிறாங்க. அதை முழுங்கிச் செத்தவங்களைப் பத்தித்தான் அத்தனையும். போன மாசம் வந்த கட்டுரை, நம்ம பெசன்ட் நகர் பீச்சுல செத்துக் கிடந்த ஒரு பையனைப் பத்தி.”