பெருக்கல் குறி

சுற்றி முடித்தபோது கதவு இரண்டடி நெருங்கி வந்திருந்தது.

கதவா வரும்? அவள்தான் நகர்ந்திருந்தாள்.

ரெபெக்கா மிஸ் தரையைக் காட்டினார். சிவப்பு டேப்பில் ஒரு பெருக்கல் குறி. பேக்கரி மாடியில் ஜோடி நடனம் கற்க வந்த பதினொரு பேரில் அது தேவைப்பட்டது அவள் ஒருத்திக்குத்தான். அதன்மேலேயே நின்று மூன்று முறை சுற்ற வேண்டும். கண்ணுக்கு ஒரு புள்ளி வேண்டும். உடம்பு திரும்பினாலும் பார்வை அங்கேயே வந்து சேர வேண்டும்.

அவள் எடுத்துக்கொண்ட புள்ளி, மாடிப்படியைப் பார்த்த கண்ணாடிக் கதவு.

ஜோடியாக ஆடும்போது ஆண் கையை உயர்த்துவான், பெண் அதன் கீழே சுற்றுவாள். முதல் வகுப்பில் கை உயர்ந்ததும் அவள் கண்ணை இறுக மூடிக் குனிந்துவிட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். மிஸ் சிரிக்கவில்லை. அவள் கையில் கன்றிப்போயிருந்த இடத்தைப் பார்த்தார். கொஞ்ச நாள் தனியாகச் சுற்றச் சொன்னார்.

வீட்டில் தையல் வகுப்பு என்று சொல்லியிருந்தாள்.

மிஸ் எண்ணினார்.

ஒன்று. கதவு.

இரண்டு. கதவு. படியில் ஏறிவரும் ஹெல்மெட்.

மூன்று. கதவைத் தள்ளிக்கொண்டு தயாளன், அவள் கணவன்.

அந்தப் பெயரை வைத்தவர்கள் கொஞ்சம் பொறுத்திருக்கலாம்.

சிரித்துக்கொண்டே வந்தான். மிஸ்ஸுக்கு வணக்கம் சொன்னான். இடம் நன்றாக இருக்கிறது என்றான். வீட்டில் கதவைத் தாழிடுவதற்கு முன்பும் அவன் குரல் இவ்வளவு மென்மையாகத்தான் இருக்கும்.

"நானே கையப் பிடிச்சு சுத்த வைக்கிறேனே மேடம்."

யாரோ கைதட்டினார்கள். ஹெல்மெட்டை நாற்காலியில் வைத்துவிட்டு அவளுக்குப் பக்கத்தில் வந்து நின்றான். வந்த வேகத்தில் கதவைச் சாத்தவில்லை.

மிஸ் அவள் முகத்தையே பார்த்தார். பிறகு எண்ணத் தொடங்கினார்.

கை உயர்ந்தது.

இந்த முறை அவள் கண்ணை மூடவில்லை. அவனைப் பார்க்கவும் இல்லை. திறந்திருந்த கதவைப் பார்த்தாள். அவன் கையைத் தொடாமல் சுற்றினாள்.

ஒன்று. இரண்டு. மூன்று.

பெருக்கல் குறி பின்னால் போய்விட்டது, கதவு நெருங்கி வந்திருந்தது. அவன் கை இன்னும் மேலேயே இருந்தது.

மிஸ் திருத்தவில்லை.

நான்கு, என்றார்.

ஐந்து.