ஜெயந்தினி அக்காவின் படங்கு

“கொழுந்து கிள்ள வந்திருக்காளா, கல்யாண வீட்டுக்கு வந்திருக்காளா? சென்ட் மூக்கைத் தொளைக்குது!”

தேயிலைத் தோட்டத்துப் பெரட்டுக் களத்தில் ஜெயந்தினி இப்படிச் சொன்னதும் வேலைக்குக் கூடியிருந்த பெண்கள் சிரித்தார்கள். பேர் பதிந்துகொண்டிருந்த கங்காணி விஜேந்திரனும் சிரித்தார்.

யசோதினி தலையைக் குனிந்துகொண்டு வரிசையின் கடைசியில் போய் நின்றாள். அவளைச் சுற்றி மட்டும் நாலு பேர் நிற்கிற அளவுக்கு இடம் காலியாக இருந்தது.

பத்து மாதத்துக்கு முன் அவளுக்குத் தலைப்பிரசவம். ரோட்டில் மண் சரிந்து கிடந்ததால், வலி எடுத்து இரண்டாம் நாள்தான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர முடிந்தது. பிள்ளை பிழைத்தது. அவளுக்குள் எங்கோ கிழிந்துபோனது. அன்றிலிருந்து இரவும் பகலும் சிறுநீர் தானாகவே சொட்டியது. எத்தனை துணி மாற்றினாலும் வாடை போகவில்லை. அதற்குத்தான் சென்ட்.

வரிசை வீடுகளான லயத்தில் ஆளுக்கொரு வைத்தியம் இருந்தது. தோட்டத்து மருந்துக்காரர் பெனடோல் மாத்திரை கொடுத்தார். மாமியார் பெரியாயி, தண்ணீரே குடிக்காதே என்றாள். புருஷன் அழகர், “சித்திரைக்குள்ள சரியாகலேன்னா லுணுகலையில உன் அம்மா வீட்டுக்கே போயிடு” என்று தன் வைத்தியத்தை ஒரே வரியில் முடித்துக்கொண்டான்.

ஜெயந்தினி வைத்தியம் சொல்லவில்லை. புத்தி சொன்னாள்.

“யசோதினி வீட்டுக் கொடியைப் பாருங்கடி, தெனமும் தேர்த் திருவிழாதான்! பொம்பளை துணிய இப்படியா ஊரு பார்க்கக் காயப் போடுறது?”

சொல்வதற்கு அவளுக்குத் தகுதி இருந்தது. அவள் வீட்டுத் துணி கொடியில் தொங்கி யாரும் பார்த்ததில்லை. உள்ளேயே அடுப்புக்கு மேல் காயப் போடுவாள். மூன்று வேளையும் வீட்டில் சாம்பிராணிப் புகை. தேயிலைச் செடியின் ஈரம் படாமல் இருக்க இடுப்பில் சுற்றிக் கட்டுகிற படங்கு, அந்தத் தடித்த சீலையை, அவள் கொளுத்துகிற வெயிலிலும் அவிழ்க்க மாட்டாள். கோயிலுக்கும் அதோடுதான். “தொழிலுக்கு ஒரு மரியாதை வேணும்” என்பாள். மாதர் சங்கத் தலைவி வேறு.

அந்த வாரம் லயத்துக்கு வந்த மருத்துவிச்சி ஜெனீராதான் வேறு மாதிரி பேசினார்.

“இது பாவமும் இல்ல, சாபமும் இல்ல. உள்ளுக்குள்ள ஒரு ஓட்டை. தைச்சா மூடும். வாற வியாழக்கிழமை பதுளை பெரியாஸ்பத்திரிக்கு இதுக்குன்னே ஒரு டொக்டர் வாறார். கடிதம் தாறேன். அன்னைக்கே வார்டுல நிப்பாட்டுவாங்க, துணைக்கு ஒரு பொம்பளையோட போங்க. இத விட்டா அடுத்தது எப்பன்னு எனக்கே தெரியாது.”

துணைக்கா? பெரியாயிக்கு உடனே முட்டுவலி வந்தது. பக்கத்துக் காம்பரா வீட்டுப் பெண்களுக்கெல்லாம் வியாழக்கிழமை பார்த்து வேலை வந்தது.

புதன்கிழமை காலை பெரட்டுக் களத்தில் யசோதினி வெட்கத்தை விட்டுக் கேட்டாள்.

“யாராவது ஒருத்தங்க... ஒரே ஒரு நாள் வாங்களேன்.”

எல்லாரும் கூடையைச் சரிசெய்தார்கள்.

“நான் போறேன்” என்றாள் ஜெயந்தினி.

களமே வாயைப் பிளந்தது.

“என்ன பார்க்கிறீங்க? டொக்டரைப் பார்க்கப் போறாளா, வேற யாரையும் பார்க்கப் போறாளான்னு நமக்குத் தெரிய வேணாமா? என் கண்ணால பார்த்துட்டு வந்து சொல்றேன்.”

“அதான் தலைவி!” என்றார் கங்காணி.

யசோதினி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வேவு பார்க்க வந்தாலும் துணை துணைதானே.

மறுநாள் பசறையில் பஸ் ஏறினார்கள்.

“சீட்டு இருக்கு, உட்காருங்கக்கா.”

“ஏன், நீ உட்காரேன்?”

யசோதினி எப்படி உட்காருவாள்? எழும்போது சீட்டு நனைந்திருக்குமே.

“அப்ப நானும் நிக்கிறேன். இந்தப் படங்கு பட்டா சீட்டு அழுக்காயிடும்.”

பதுளை வரைக்கும் இரண்டு காலி சீட்டுகளுக்குப் பக்கத்தில் இருவரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். வளைவுக்கு வளைவு ஜெயந்தினி திட்டினாள்.

“தோட்டத்து மானத்த பஸ்ஸுல ஏத்திக்கிட்டுப் போறியேடி!”

ஆஸ்பத்திரியில் டொக்டர் கடிதத்தைப் படித்தார், பரிசோதித்தார். யசோதினி வெளியே வந்தபோது அவள் முகத்தில் பத்து மாதமாகக் காணாத சிரிப்பு.

“தைக்கலாமாம் அக்கா! திங்கக்கிழமை ஆப்பரேஷன். இன்னைக்கே வார்டுக்குப் போகச் சொல்லிட்டாங்க.”

“இவ்வளவு நாள் என்ன செஞ்சேன்னு ஏசலையா?”

“இல்லக்கா. வருஷக்கணக்கா இருந்தாலும் வாங்க, தைக்கப் பார்க்கலாம்னு சொன்னாரு.”

ஜெயந்தினி நடைபாதையின் இந்தக் கோடியைப் பார்த்தாள், அந்தக் கோடியைப் பார்த்தாள். தோட்டத்து முகம் ஒன்றுமில்லை. பிறகு யசோதினியை முறைத்தாள்.

“லயத்துல மூச்சு விட்டே, தொலைச்சுப்புடுவேன்!”

எதற்கு மிரட்டுகிறாள் என்று யசோதினிக்கு விளங்கவில்லை. ஜெயந்தினி நேரே நம்பர் போடுகிற மேசைக்குப் போனாள்.

“துணைக்கு வந்தவங்க வெளியே நில்லுங்க” என்றார் தாதி ஸல்மா.

ஜெயந்தினி இடுப்பிலிருந்த படங்கை மெல்ல அவிழ்த்து, மடித்து, கையில் வைத்துக்கொண்டாள்.

“எனக்கும் ஒரு நம்பர் போடுங்க மிஸ்ஸி. அவளுக்கு இருக்கிறதுதான் எனக்கும்.”

தாதி பேனையை எடுத்தார்.

“எத்தனை நாளா?”

“எம் மகன் நிமலனுக்கு வர்ற ஆவணியில இருபத்திரண்டு முடியுது.”