பக்கத்து வீட்டம்மா

தெபோராளின் ஜெப அட்டையில் இரட்சிக்கப்பட வேண்டியவர்கள் ஏழு பேர். முதலில், 'பக்கத்து வீட்டம்மா'. ஒன்பது வருடமாக விடியற்காலையில், இரு வீட்டுக்கும் பொதுவான சுவரருகே முழங்காலில் நின்று, அந்த ஆத்துமாவுக்காகச் சத்தமாக அழுதிருக்கிறாள். விக்கிரகம் இருக்கும் வீடென்று ஒருநாளும் படியேறியதில்லை.

அந்தம்மா செத்த அன்றுதான் ஏறினாள். செண்பகவல்லி என்ற பெயரே வாசலில் ஒட்டியிருந்த அஞ்சலி போஸ்டரைப் பார்த்துத்தான் தெரிந்தது.

செத்தவளின் புருஷன் எழுந்து வந்தார். "வாங்க தெபோராக்கா. செவுத்துக்கு இந்தப் பக்கம் நீங்க பேசுறது வெளங்காது, தெனம் அழுவுறது மட்டும் கேக்கும். என்ன கஷ்டம்னு விசாரிக்க இவ ரெண்டு தரம் வந்தா. நீங்க ஜெபத்துல இருந்தீங்கன்னு திரும்பிட்டா. அதுலருந்து வெளக்கேத்துறப்ப, மொதல்ல உங்க பேரச் சொல்லித்தான் கும்புடுவா."