மந்தையின் தாடிகள்

ஞாயிறுதோறும் மந்தைக்கு ஜெபம் சொல்லி, "பிறன் கொல்லையை இச்சியாதே" என்று பிரசங்கம் பண்ணும் மணிக்கிடா, ஒருநாள் பக்கத்துக் கம்பங்கொல்லையில் கையும் களவுமாக அகப்பட்டது.

"தப்புதான். மணியைக் கழற்றிக்கோங்க" என்று தலைகுனிந்தது. மணியைக் கழற்றியும் மந்தைக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

"நரிக்காட்டுக்கு விரட்டுங்க! நம்மைப் பிடிச்ச பாவம் இதோட தொலையட்டும்!"

நொண்டி ஆடு செவத்தாள் மட்டும் கத்தவில்லை. எப்போதும் கடைசியில் வருகிறவள் அவள். கொல்லை வேலியில் எந்த ஓட்டையில் யார் நுழைவார்கள் என்று பார்த்தவள், அவர்கள் விட்ட மிச்சத்தைத் தின்றவளும்கூட.

கிடாவை ஒட்டிப் போய் நின்று, தன் தாடியை உதறினாள். நாலைந்து கம்பு உதிர்ந்தது.

"நீங்களும் உதறுங்க. அப்புறம் விரட்டலாம்."

மந்தையில் ஒரு தாடியும் அசையவில்லை.